தொண்ணூற்றொரு பல் சக்கரம்

தொண்ணூற்றொன்றைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எண்களிலும் முகராசி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நாற்பத்தெட்டைப் பார்த்தாலே கேட்டவர்களுக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுக்கிற இளகின மனசு தெரிந்துவிடும். தொண்ணூற்றொன்று அப்படியில்லை. இரண்டு வந்து கேட்டால் இல்லை என்று சொல்லும், மூன்று கேட்டாலும் இல்லை, ஐந்து கேட்டாலும் இல்லை. யாருக்கும் பிடிகொடுக்காத ஆள் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும். அந்த முகத்தை நம்பித்தான் அவள் மோசம் போனாள்.

காகித ஆலையின் வரைபட அறையில் அவளுக்குப் பெயர் 'கணக்கு'. "கணக்கைக் கூப்பிடு", "கணக்கு சாப்பிடப் போயிருக்கு" என்றுதான் பேச்சு. முப்பத்தேழு வயது. ஆலை வாசலில் லாரி வந்து நின்றால் அதன் எண் பலகையைப் பார்த்து, "இது பதினேழால போகும், இது எதுலயும் போகாது" என்று டீ குடித்துக்கொண்டே சொல்வாள். ஆட்கள் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பெரிய எண்களை அவள் போட்டுப் பார்ப்பாள். நூறுக்குள் இருப்பதைப் போட்டுப் பார்க்க மாட்டாள். எதற்கு? பத்து வயதில் மனப்பாடம் செய்த பகா எண் பட்டியல் நாக்கு நுனியில் இருந்தது. எழுபத்தொன்பது, எண்பத்து மூன்று, எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றேழு. அந்த வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு பன்னிரண்டோடு, எண்பத்து நான்கில் முடிந்துபோனது. அதற்கு அடுத்த படியில்தான் தொண்ணூற்றொன்று உட்கார்ந்திருந்தது. அங்கே போய்ப் பார்க்க அந்த வயதில் யாரும் சொல்லவில்லை. பட்டியலை நோட்டில் எழுதிக் காட்டினாள், ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டார், ஆயிற்று. அந்தச் சிவப்புக் குறியை இருபத்தேழு வருஷம் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

போதாக்குறைக்கு அந்த எண்ணின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம் வேறு. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை வரிசையாகக் கூட்டினால் தொண்ணூற்றொன்று வரும். ஒன்று முதல் ஆறு வரை உள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதேதான். முப்பத்தாறு டப்பாக்களைச் சதுரமாக அடுக்கி, அதன் மேல் இருபத்தைந்து, அதன் மேல் பதினாறு என்று கோபுரமாகக் கட்டிக்கொண்டே போனால் உச்சியில் ஒரு டப்பா வைக்கும்போது சரியாகத் தொண்ணூற்றொன்று. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு நழுவிவிடுவார்கள்.

ஒரு வருஷத்துக்கு முன்பு, ஈரக் காகிதத்தை உலர்த்தும் உருளைகளைச் சுழற்றுகிற பெரிய பல்சக்கரம் தேய்ந்து போனது. அதற்குத் தொண்ணூறு பல். அதைச் சுழற்றுகிற சின்னச் சக்கரத்துக்கு இருபத்தெட்டு. புதிதாக வார்க்கிற பெரிய சக்கரத்துக்கு அதே தொண்ணூறு வேண்டாம், தொண்ணூற்றொன்று வைக்கலாம் என்று சொன்னது அவள்தான்.

அதற்கு நியாயம் இருந்தது. சின்னச் சக்கரத்தில் ஒரு பல்லில் சிறு வடு இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பல் சுற்றிச் சுற்றி வந்து பெரிய சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்தால் தேய்மானம் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். ஒருவரும் சாக மாட்டார்கள். ஆனால் இரண்டு எண்ணிக்கையும் ஒரே எண்ணால் வகுபட்டால், வடு உள்ள பல் குறிப்பிட்ட சில பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். அடி வாங்குவது எப்போதும் அதே ஆட்கள்தான். தொண்ணூறும் இருபத்தெட்டும் இரண்டால் வகுபடும். அதனால்தான் யாராலும் வகுபடாத எண்ணாகப் போடுவோம் என்றாள்.

"எண்பத்தொன்பதா, தொண்ணூற்றொன்றா?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார்.

"ரெண்டுமே பகா எண்தான் சார். எண்பத்தொன்பது போட்டா உருளை வேகமா சுத்தும், காகிதம் கிழியும். தொண்ணூத்தியொண்ணு போட்டுடலாம்."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கும் அந்த முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. வரைபடத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தில் பல் ஒன்று உடைந்தது. உடைந்த துண்டு, சக்கரத்துக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தட்டைக் கிழித்துக்கொண்டு பறந்து, காகிதச் சுருளைக் கழற்றிக்கொண்டிருந்த தொழிலாளியின் முழங்காலில் அடித்தது. எண்ணெய் முழுக்கச் சாக்கடைக்குப் போய்விட்டது. தூக்க வந்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று தண்ணீர் பீய்ச்சித் தரையையும் கழுவிவிட்டார்கள். அடிபட்டவர் பிழைத்தார். ஆனால் அந்தக் கால் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பல் ஏன் உடைந்தது? எண்ணெய் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கும் என்றார்கள். எண்ணெய் போடுகிறவர் யார்? அத்தான். அவளுடைய அக்காவின் கணவர்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆலையில் எண்ணெய்க்காரர் அவர். கையில் நீண்ட மூக்கு வைத்த கேனோடு, ஏதாவது கிண்டல் அடித்துக்கொண்டே, இயந்திரம் இயந்திரமாகப் போவார். தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மச்சினியின் விண்ணப்பத்தைக் கொண்டுபோய் வரைபட அறையில் கொடுத்தவரும் அவர்தான். அவளும் அந்த வீட்டில்தான், மாடி அறையில் இருக்கிறாள். மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு.

அன்றைய தேதிக்கு எண்ணெய் அட்டையில் அவருடைய குறி இருந்தது. "குறி போடறது கை, எண்ணெய் ஊத்தறதும் கைதான். ஒண்ணைச் செஞ்சுட்டு இன்னொண்ணை மறக்கலாமே" என்றார் நிர்வாக அதிகாரி. அத்தான் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் கோபப்பட்டார். ஒரு வாரம் போனதும் வேறு மாதிரி ஆகிவிட்டார்.

"போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். பிறகு, "தினமும் போடறேனே, அந்தக் காலையில போட்டது எதுன்னு எப்படித் தனியா ஞாபகம் இருக்கும்?" என்றார். பிறகு அதுவும் இல்லை. கழுவிய கையை மறுபடி போய்க் கழுவினார். எண்ணெய் அறையைப் பூட்டிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். மறுபடி நாலடி, மறுபடி பூட்டு. ஒருநாள் சாப்பிட்டு எழுந்த மனுஷன் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "நான் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அக்கா வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசி விசாரணை என்று நாள் குறித்தார்கள். புதன்கிழமை காலை, தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டு, "உடைஞ்ச சக்கரம் பின்பக்க முற்றத்துல கிடக்கு. அளவெடுத்து இதே மாதிரி இன்னொண்ணுக்கு வரைஞ்சு குடு" என்றார்.

அளவு எடுக்கிறவர்கள் முதலில் பற்களை எண்ணுவார்கள். அவளும் சுண்ணாம்புக் கட்டியோடு குனிந்தாள். உடைந்த பல்லின் அடிக்கட்டையில் ஒரு குறி. ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்தாள். பற்கள் நன்றாகவே இருந்தன. எண்ணெய் பட்டு ஓடிய பளபளப்பு இன்னும் போகவில்லை. எட்டாவது பல்லில் விரல் வைத்ததும் சொரசொரவென்று இருந்தது. முகம் முழுக்கக் குழி, அடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு. அதில் ஒரு குறி போட்டாள். அடுத்த ஆறும் சுத்தம். பதினைந்தாவதில் அதே குழி, அதே வெடிப்பு. இருபத்திரண்டு. இருபத்தொன்பது. முப்பத்தாறு.

ஐந்தாவது வெடிப்பைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முழுச் சுற்றும் எண்ணினாள். உடைந்த பல்லையும் சேர்த்துப் பதின்மூன்று குறிகள். ஒவ்வொரு குறிக்கும் நடுவில் ஆறு நல்ல பற்கள். கடைசிக் குறியிலிருந்து ஏழு நகர்ந்தால் ஒரு பல்கூடக் கூடாமல் குறையாமல் உடைந்த பல்லிலேயே வந்து நின்றது.

பதின்மூன்று ஏழு. இருபத்தெட்டோ நாலு ஏழு.

எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் தொண்ணூற்றொரு பல்லும் கருகியிருக்கும். இங்கே பதின்மூன்று பேர் மட்டும் பதினொரு மாதமாக அடி வாங்கியிருக்கிறார்கள். சின்னச் சக்கரத்தில் வடு உள்ள ஒரு பல், மற்ற எழுபத்தெட்டுப் பேரை ஒருநாளும் தொடாமல், இந்தப் பதின்மூன்று பேரையே அடித்து அடித்துக் கொன்றிருக்கிறது. பழைய தொண்ணூறையே வைத்திருந்தால்கூட அடி நாற்பத்தைந்து பேருக்குப் பிரிந்திருக்கும். சும்மா கிடந்ததை அவள் சீர் செய்வதாகச் சொல்லிக் கெடுத்து வைத்திருந்தாள்.

ஒன்று முதல் பதின்மூன்று வரை கூட்டுவதற்கு அவள் எத்தனை தடவை பதின்மூன்றைப் பதினாலால் பெருக்கிப் பாதியாக்கியிருப்பாள்! பதினாலில் பாதி ஏழு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த விஷயத்தின் முன்னால் வருஷக்கணக்காகக் கொஞ்சிக்கொண்டு நின்றாளே தவிர, அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

அவள் அடுத்துச் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முற்றத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் பதின்மூன்று சுண்ணாம்புக் குறிகளையும் தேய்த்து அழித்தாள்.

அன்று சாயங்காலம் அத்தான் ஒரு வெள்ளைத் தாளோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, என் எழுத்து எனக்கே புரியாது. நீ எழுது, நான் கையெழுத்து போடறேன்" என்றார். முப்பத்தேழு வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"என்ன எழுதணும், அத்தான்?"

"ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா, வேலையை விட்டு எடுக்காம கிடங்குல போடறாங்களாம். மூட்டை எண்ணுற வேலை. பரவாயில்ல. இயந்திரத்துப் பக்கம் போகாம இருந்தா எனக்கும் நிம்மதிதான்."

"செய்யாததை ஏன் ஒத்துக்கணும்?" என்றாள் அக்கா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"செய்யலன்னு எனக்குத் தெரியலையே. அந்த ஆளோட கால் போச்சு. தினமும் கண்ணுல நிக்குது. நானே என்னை நம்பலன்னா அப்புறம் யாரைப் போய் நம்பச் சொல்ல?"

இந்த இடத்தில் அவளுக்காக வக்காலத்து வாங்க வழியே இல்லை. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாளைக் காலையில் பொறியாளரிடமே நேராகச் சொல்லிவிடலாம், இங்கே எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. லாரி எண்ணைப் பார்த்துச் சொல்கிற கணக்கு, ஏழாம் வாய்ப்பாட்டில் கோட்டை விட்டது என்று நாலு பேர் பேசுவார்களே என்கிற வெட்கம். பேனாவை எடுத்தாள். 'எண்ணெய்த் தட்டை நிரப்ப நான் மறந்திருக்கலாம்' என்று எழுதினாள்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "மறந்திருக்கலாம்னு வேண்டாம். இழுத்துப் பேசினா அவங்களுக்குக் கோபம் வரும். மறந்துவிட்டேன்னே எழுது."

'மறந்திருக்கலாம்' என்பதை அடித்துவிட்டு, 'மறந்துவிட்டேன்' என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

வியாழன் காலை பத்தரை மணிக்கே அவள் பின்முற்றத்துக்குப் போய், பதின்மூன்று குறிகளையும் மறுபடி போட்டாள். பிறகு விசாரணை அறைக்குப் போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமைப் பொறியாளரும் நிர்வாக அதிகாரியும், இந்தப் பக்கம் அத்தான். மேஜைமேல் அந்தக் கடிதமும் எண்ணெய் அட்டையும் இருந்தன. கடிதம் ஏற்கெனவே அவர்கள் கைக்குப் போயிருந்தது.

"இவர்மேல தப்பு இல்ல சார்" என்றாள். "சக்கரத்துல ஏழாவது ஏழாவது பல்லுதான் வெடிச்சிருக்கு. எண்ணெய் இல்லாததால இல்ல. தொண்ணூத்தியொண்ணு ஏழால வகுபடும். நான் போட்ட கணக்கு தப்பு."

பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். "அதெப்படி? தொண்ணூற்றொன்று பகா எண்ணாச்சே. நானும் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"ஆமாமா, அது எதுலயும் போகாது" என்றார் நிர்வாக அதிகாரி. அவரை யாரும் கேட்கவில்லை. மச்சினி அத்தானைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பொறியாளர் கால்குலேட்டரைத் தேடி இழுப்பறையைத் திறந்தார். அத்தான் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் தலையைத் தூக்கினார்.

"தொண்ணூத்தியொரு நாளா? பதிமூணு வாரம்ங்க" என்றார்.

"என்னது?"

"பதிமூணு வாரத்துக்கு ஒருதரம் பழைய எண்ணெயை இறக்கிட்டு முழுசா மாத்தணும். தொண்ணூத்தியொரு நாள். அதான் அட்டையில இருக்கே."

எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள். குறுக்கே ஏழு கட்டம், கீழ்நோக்கிப் பதின்மூன்று வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாளின் குறி. பொறியாளர் பேனா மூடியால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்றில் அட்டை முடிந்தது. அவர் இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினார்.

அந்த அட்டையைக் கோடு போட்டுக் கொடுத்ததே அவள்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், அத்தான் கேட்டார் என்று, வரைபட அறையில் அளவுகோல் வைத்து வரைந்து, நகல் எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் சாப்பிடும்போது, "இந்த வாரம் பதிமூணாவது, எண்ணெய் மாத்தணும்" என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். தொண்ணூற்றொன்று எதிலாவது போகுமா என்று எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் ஒரு கால் பிழைத்திருக்கும்.

நாலு பேரும் முற்றத்துக்குப் போனார்கள். பொறியாளர் குனிந்து சுண்ணாம்புக் குறி போட்ட பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நடுவில் இருந்த நல்ல பற்களையும் தடவினார். விரலில் ஒட்டிய எண்ணெயை நிர்வாக அதிகாரியிடம் காட்டினார். அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வரைபடத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு உன்னோடது, ஒண்ணு என்னோடது" என்று பொறியாளர் அவளிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆள்கிட்ட ரெண்டு பேரும் சொல்லணும். மத்ததை அப்புறம் பார்ப்போம்."

பிறகு, வரும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த கடிதத்தை எடுத்து அத்தானிடம் கொடுத்தார். "இதை நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க. நீங்க எதையும் மறக்கலை."

பொறியாளரும் அதிகாரியும் போய்விட்டார்கள். அத்தான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். ஒரு மாதமாகக் குனிந்திருந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அப்ப நான் போட்டிருக்கேன்" என்றார். "இல்ல, பாப்பா? அன்னிக்கும் ஊத்தியிருக்கேன்."

"ஊத்தியிருக்கீங்க, அத்தான்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னே நினைச்சேன். உங்க அக்காவை நினைச்சாத்தான் பயமா இருந்துச்சு. அவளை யாரு வெச்சுப் பார்ப்பாங்கன்னு." பிறகு சக்கரத்தைப் பார்த்தார், சுண்ணாம்புக் குறிகளைப் பார்த்தார். குறிகளுக்கு அடியில் முதல்நாள் தேய்த்த வெள்ளைத் தடம் இன்னும் இருந்தது. எண்ணெய்க்காரர் கண். எது புதுசு, எது பழசு என்று அவருக்குத் தெரியாமல் போகாது.

"இதை எப்ப பார்த்த?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நேத்து காலையில."

"நேத்து காலையிலயா?"

அவர் கையிலிருந்த தாளைப் பிரித்தார். 'மறந்திருக்கலாம்' அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'மறந்துவிட்டேன்' என்று இருந்தது. அழகான, சீரான எழுத்து. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அத்தான், நான் வந்து..."

"எண்ணெய் போடற நேரமாச்சு" என்றார்.

எண்ணெய் அறைக்கு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். உள்ளே போய் நீண்ட மூக்குக் கேனை நிரப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சாத்திப் பூட்டினார். அவள் காத்திருந்தாள். நாலடி போவார், திரும்பி வருவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், அப்போது காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று நின்றாள்.

அத்தான் நாலடி நடந்தார். பிறகு ஐந்து, ஆறு, ஏழு. இயந்திரக் கூடத்தின் வாசல்வரை போய் உள்ளே நுழைந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.